சிறுத்தைச் சட்டை, வரிக்குதிரை பேண்ட்

தகரப் பெட்டிக்குள் ஒரு சிறுத்தையும் ஒரு வரிக்குதிரையும் இருபது நாளாகப் பூட்டிக் கிடந்தன. சாவி ஜமுனாவின் கைப்பையில் இருந்தது.

அன்று காலை பெட்டியைத் திறந்து இரண்டையும் வெளியே எடுத்தாள். சிறுத்தைப் புள்ளி போட்ட முழுக்கைச் சட்டை. வரிக்குதிரைக் கோடு போட்ட பேண்ட். இரண்டுமே அம்மா பொன்னேரிக் கடையில் எடுத்து வந்தவை.

கொண்டுவந்த அன்றைக்கு ராஜம்மா கவரை மகளிடம் நீட்டி, "போட்டு அளவு பாருடி" என்றாள். அம்மாவும் மகளும் ஒருவர் ரவிக்கையை ஒருவர் போட்டுக்கொள்கிற வீடு அது. "கெட்டித் துணியாப் பாத்து எடுத்தேன். சேறு பட்டாக்கூடத் தெரியாது. சீக்கிரம் காஞ்சிடும்."

மழைக்காலத்தில் பொன்னேரி ஸ்டேஷன் ரோடு கிடக்கிற கிடப்பு ஜமுனாவுக்கு நினைவு வந்தது. அம்மா எதையெல்லாம் யோசித்திருக்கிறாள்!

"சரியா கீதா?"

"கீதும்மா."

"அப்ப எடுத்து வையி."

எடுத்து வைத்தாள். பூட்டியும் வைத்தாள். அவள் டைப்பிஸ்டாக இருப்பது பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீஸில். அங்கே கறுப்பையும் வெள்ளையையும் விட்டால் சாம்பல் நிறம்தான். சேர்ந்த அன்றே வக்கீல் தனசேகர் சொல்லிவிட்டார்: "இங்க வர்றவங்க எல்லாம் கஷ்டத்தோட வர்றாங்க. கண்ணை உறுத்தாத மாதிரி வாம்மா." மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவாராம். அது இந்த மாதம் முடிகிறது.

ராஜம்மா திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டுகிறவள் இல்லை. பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏரிக்குள் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற வேலை. பாதி நாள் வாயைத் திறக்க முடியாது. கரையேறிய பிறகும் அந்த மௌனம் கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் இந்த இருபது நாளாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சுடிதாரில் மகள் கிளம்பும்போது தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. பிறகு ஏரிப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சாயங்காலம் காலைக் கழுவிக்கொண்டு உட்காருவாள். கெண்டைக்காலிலும் முட்டியிலும் கிளிஞ்சல் கிழித்த கோடுகள். அதில் மஞ்சளை அப்பும்போதுகூட முகம் சுளிக்க மாட்டாள். இந்தக் கால்களோடு கடைக்குப் போய், தனக்கென்று ஒரு கர்ச்சீப்கூட எடுக்காமல் வந்தவள். ஜமுனாவுக்குச் சோறு இறங்காது.

ஒரு தடவை ராஜம்மாவே ஆரம்பித்தாள். "ஜமுனா, அந்தத் துணி..."

"போடறேம்மா. நல்ல நாளாப் பாத்துப் போடலாம்னுதான் வச்சிருக்கேன்."

ராஜம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சரி, போட்டுக்க" என்றாள்.

அந்த வெகுநேரம்தான் ஜமுனாவைத் தூங்கவிடாமல் அடித்தது.

அதனால்தான் இன்று பெட்டி திறந்தது. அம்மா இன்றைக்கு விடிவதற்கு முன்பே ஏரிக்குப் போய்விட்டிருந்தாள். ஜமுனா சட்டையையும் பேண்டையும் போட்டு, புள்ளி முக்கால்வாசி மறைகிற மாதிரி கறுப்புத் துப்பட்டாவை அகலமாக விரித்துப் பின் குத்தினாள். கண்ணாடியில் பார்த்தாள். சிறுத்தை மறைந்தது. வரிக்குதிரை மறைய மறுத்தது.

ஆபீஸில் ஜூனியர் வக்கீல் மாலதிதான் முதலில் பார்த்தாள்.

"ஏய், இன்னாடி இது? மேல மிருகம்னா கீழ ப்ளெயின் போடணும். கீழ மிருகம்னா மேல ப்ளெயின். ரெண்டையும் சேத்துப் போட்டுகினு வந்தா உம்மேல ஃபாரஸ்ட் கேஸ்தான் போடுவாங்க."

"எங்கம்மா எடுத்துக் குடுத்தது."

மாலதி சிரிப்பை நிறுத்திவிட்டாள். வக்கீல் நிறுத்தவில்லை, ஏனென்றால் அவர் சிரிக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"இன்னைக்குப் பழைய கேஸ் கட்டெல்லாம் அடுக்கணும். ரெக்கார்டு ரூம்லயே இரும்மா. கட்சிக்காரங்க வந்தா வெளிய வர வேணாம்."

சாயங்காலம்வரை தூசிக்குள் நின்றாள். வேலை நிரந்தரமாகுமா என்ற பயம் ஒரு பக்கம். ஆனாலும் இருபது நாளில் முதல்தடவையாக நெஞ்சில் பாரமில்லை. இந்த அவமானம் அம்மாவுக்காகப் பட்டது என்று நினைத்தபோது அது இனிக்கக்கூடச் செய்தது.

தன் ஊரான தோணிரேவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்குப் போனாள். ராஜம்மா அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறி, புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஜமுனா துப்பட்டாவை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"பாத்தியாம்மா? ஆபீசுக்கே போட்டுகினு போனேன்."

ராஜம்மா காலரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பேண்டின் முட்டியில் பார்வை கொஞ்சம் தங்கியது.

"ஆபீசுல இன்னா சொன்னாங்க?"

"சூப்பரா கீதுன்னாங்க."

"உனுக்குப் புடிச்சிருக்கா?"

"ரொம்பம்மா. இத்தினி நாளு போடாம வச்சிருந்தேன் பாரு, அதான் தப்பு."

ராஜம்மாவின் முகம் மெல்ல விரிந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, மகளின் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"அப்ப நீயே வச்சிக்கடி. ஏரியில எறங்க நான் வேற வாங்கிக்கறேன்."