கோவிந்தாபுரத்துச் சேனை

"சேனை வேர் இல்லீங்க, மண்ணுக்குள்ள இருக்கற தண்டு. எத்தனை துண்டு போட்டாலும் அத்தனையும் மொளைக்குமுங்க!" என்று விவசாயிகள் கூட்டத்துக்குக் கூட்டம் மாலை போட்டுக்கொண்டு முழங்கும் ஆறுக்குட்டி, மாசியில் பாகம் கேட்டு வந்த தம்பியைக் கத்தக் கத்த அரிவாளால் நாலாக வெட்டி, சேனைத் தோட்டத்திலேயே குழிக்கொரு துண்டாகப் புதைத்தார். தோட்டம் முழுசாக அவருக்கே மிச்சமானது.

புதுமழை பெய்த மறுவாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தம்பி வந்தான். வாசலில் எட்டுக் காலையும் கழுவிக்கொண்டு, நாலு பேராக உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்தான்.

"ஏனுங்கண்ணா, தோட்டத்தை அஞ்சாப் பிரிச்சிரலாமுங்களா?" என்று நாலு வாயாலும் ஒரே குரலில் கேட்டான்.

ஆறுக்குட்டியின் கை அரிவாளுக்குப் போனது. இலை போட்டுக்கொண்டிருந்த மனைவி மயிலாத்தாள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், மறுக்காவும் வெட்டிப்போடாதீங்க. நம்முளுக்கு இருக்கறதே ரெண்டு ஏக்கருங்க."