பத்து நாள் லீவு

செண்பகவல்லியின் வலைப்பூவில் முதல் பின்னூட்டம் யார் போடுகிறாரோ அவருக்குத்தான் வடை என்பது அந்தக் காலத்து விளையாட்டு. சாத்தூர் ஜெயசீலன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "வடை எனக்கே, அக்கா!" என்று எழுதிவிட்டுத்தான் பதிவையே படிப்பார். பிறகு செண்பகவல்லிக்கு மகள் கல்யாணம், படுத்த படுக்கையான மாமனார், ஆபீசில் பிரமோஷன் எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடித்தன. "பத்தே நாள் லீவு, மக்களே" என்று எழுதிவிட்டுப் போனவள், பதினோரு வருஷம் கழித்து, பணி ஓய்வுக்கு மறுநாள் காலையில்தான் திரும்பி வந்தாள். அந்தப் பதிவின் கீழே ஜெயசீலன் அவ்வப்போது வந்து போயிருந்தார். "பத்து நாள் ஆயிடுச்சே, அக்கா?" "வடை ஆறிப்போகுது." "பேத்தி பொறந்திருக்கா, உங்க கதையத்தான் சொல்றேன்." கடைசியாக, "கண்ணு சரியாத் தெரியல. வந்தா எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க." அதன்பின் மூன்று வருஷமாக ஒன்றுமில்லை. செண்பகவல்லி இருப்பதிலேயே பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுத்து, "வந்துட்டேன், தம்பி" என்று ஒரே வரி எழுதி வெளியிட்டாள். காபி ஆடை கட்டியது. "அப்படி என்னத்தைப் பார்த்துக்கிட்டே இருக்க?" என்றார் கணவர். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள், "வடையை இன்னும் யாரும் எடுக்கலைங்க."