அசல் உளவாளி

பதிப்பக அறையில், சுவரில் முதுகு படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் பெரியவர் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. காபியை முகர்ந்து பார்த்து, பக்கத்திலிருந்த நாவலாசிரியரின் கோப்பையோடு சத்தமில்லாமல் மாற்றி வைத்தார்.

“பாத்தீங்களா மேடம்? சர்வீஸ் பூரா உளவுத்துறை. ரத்தத்துல ஊறினது!” என்று பூரித்த நாவலாசிரியர், மாறிய கோப்பையை எடுத்து மடக்கென்று குடித்தார்.

‘மர்மத் திலகம்’ என்று தனக்குத் தானே பட்டம் சூட்டி, அதை அட்டையில் பெயரைவிடப் பெரிதாகப் போடச் சொல்பவர் அவர். வாழ்நாளில் தொலைந்த சாவியைக்கூடத் தானாகக் கண்டுபிடித்ததில்லை. பெரியவர், திலகத்தின் மனைவிக்குப் பெரியப்பா.

பதிப்பாசிரியை அசரவில்லை. அவர் மேஜையில் ஒரு பக்கம் திலகத்தின் புது நாவல்; இன்னொரு பக்கம் அட்டை கிழிந்த பழைய உளவுக் கதைகள். கதைத் திருட்டு இல்லை என்று நிரூபித்தால்தான் நாவல் அச்சுக்குப் போகும். இல்லையென்றால் குப்பைக்கூடை.

பழைய அட்டைகளைக் கண்டதும் பெரியவர் பாதி எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

“கதவிடுக்குல தலைமுடி ஒட்டறது, குடைக்குள்ள கத்தி, செருப்புக்கு அடியில வரைபடம்... எல்லாமே இதுல இருக்கே சார்?” என்று பதிப்பாசிரியை திலகத்திடம் கேட்டார்.

“இந்தச் சாணித்தாள் குப்பையையா நான் காப்பியடிக்கணும்? எழுதினவன் தெருமுனைப் போலீஸ்காரனைப் பாத்தாலே நடுங்கியிருப்பான். கட்டில்ல படுத்துக்கிட்டு விட்ட கதை! என் நாவல்ல வர்றது ஒவ்வொண்ணும் பெரியப்பா செஞ்சது. உயிரைப் பணயம் வெச்சு!”

“அவர் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இதெல்லாம் அச்சாயிடுச்சே?”

திலகம் விடவில்லை. “அப்போ ரகசியம் கசிஞ்சிருக்கு. துறைக்குள்ள எவனோ துரோகி உளறியிருக்கான்!” குரலில் தேசபக்தி பொங்கியது. “பெரியப்பா, உங்க வாயாலயே சொல்லுங்க. இந்த வித்தையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

பெரியவர் முதல் முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். பழைய புத்தகங்களில் ஒன்றை எடுத்து, மடங்கியிருந்த பக்கத்தைப் பதமாக நீவி விட்டார்.

“ட்ரெய்னிங்ல எங்களுக்கு இதுதான், மாப்பிள்ளை, பாடப் புத்தகம்.”