ஊசி போட்ட கை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

“வந்துட்டா பாரு, மிச்சம் இருக்கற உசுரையும் எடுத்துகினு போறதுக்கு.”

நான் ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். இன்று இந்த ஊருக்கு நர்ஸாக வந்திருக்கிறேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றிய தோள் இரண்டும் கீமோவில் வற்றிப்போயிருந்தன. வாய் மட்டும் வற்றவில்லை.

“டாக்டரு சொல்லிட்டாரு, அதான். இல்லனா உன் கையால பச்சத் தண்ணி கூட வாங்க மாட்டேன்.”

அரசு மூலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் புருஷன். தரையில் அப்படி என்னதான் இருக்கிறதோ, நான் வந்ததிலிருந்து அதைத்தான் பார்க்கிறான்.

போன வைகாசியில் பள்ளிக்கூடத்தில் கொரோனா ஊசி முகாம் நடந்தது. மாமாவுக்கு முதல் ஊசியைப் போட்டவள் நான்தான். ஆடி மாதம் இடது அக்குளில் கட்டி என்று அரக்கோணத்தில் காட்டினார்கள். கேன்சர் என்று சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள்.

“மருமவ ஊசி போட்டா, போட்ட கையிலியே கட்டி வந்துச்சு.”

இதை மாமா டீக்கடையில் சொன்னார், கரும்புத் தோட்டத்தில் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடமும் சொன்னார். ஊரே நம்பியது. என் தலையைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அரசு என்னைப் பள்ளிப்பட்டில் அம்மா வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஊசியால் கேன்சர் வராது. ஊருக்கெல்லாம் அதைச் சொல்கிறவள் நான். ஆனால் முகாமில் அன்று எத்தனையோ பேருக்குப் போட்டேன், யாருக்கு எந்தக் கை என்று எனக்கு எப்படி நினைவிருக்கும்? எல்லாரும் இடது கையைத்தானே நீட்டுவார்கள். அதே கை, அதே அக்குள். என் விரல்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போன நாட்கள் உண்டு.

கதவோரம் பக்கத்து வீட்டு நிர்மலா அக்கா நின்றிருந்தாள்.

அவள் புருஷன் பங்காரு அண்ணனுக்குத் தொண்டையில் கேன்சர். அவரும் மாமாவும் திருத்தணியில் ஒன்றாக ரயிலேறி சென்னைக்கு வைத்தியத்துக்குப் போய்வந்தவர்கள். போக வர மாமா தன் கதையைச் சொல்லியே அவர் மனதைக் கெடுத்தார். “ஏற்கனவே ஒண்ணு வந்து கெடக்குது, ஊசியப் போட்டு இன்னொண்ணயும் வாங்கிக்காத” என்றாராம். பங்காரு அண்ணன் ஊசியே வேண்டாம் என்றுவிட்டார். நான் அவர் வீட்டு வாசலில் நின்று கெஞ்சினேன். தண்ணீர் கொடுத்தார்கள், கையைக் கொடுக்கவில்லை.

தை மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. மூச்சு முட்டியே போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான், இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் இத்தனை நாளாகச் சொன்னது மாமாவின் காதில் ஏறியது. பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவாரா, மனுஷன்?

ஊசியில் மருந்தை ஏற்றினேன். மாமா சட்டையைக் கழற்றினார்.

“கட்டி இருந்த கை வேணாம் மாமா. வலது கையக் குடுங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். அத்தைக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“நீ இன்னாடி எங்களுக்கு சொல்லித் தர? எங்களுக்குத் தெரியாதா? போன தபா முகாமுக்குக் கெளம்பும்போதே நான் சொல்லித்தான அனுப்புனேன், கட்டி வலிக்கற கையக் குடுக்காத, வலது கையக் குடுன்னு! அதத்தான நீட்டினாரு!”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அத்தையின் வாய் தானாக மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அரசு தரையை விட்டு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

“நைனா, ஊசிக்கு முன்னாடியே கட்டி இருந்துச்சா?”

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“சும்மா வந்துச்சுன்னா தெய்வ குத்தம்னு பேசுவாங்கடா. எவன் குடியக் கெடுத்தானோன்னு பேசுவாங்க. ஊசியாலன்னு சொன்னதும் ஒருத்தனும் என்ன ஒண்ணும் கேக்கல.”

கேட்கவில்லைதான். எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை மாதம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஒன்று விடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், தெருவில் நின்று நாலு பேர் காதில் விழக் கொடுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் நிர்மலா அக்கா மாமாவிடம் கேட்டாள். அவள் கத்தவில்லை. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவள் போல, பதிலை வாங்கிக்கொண்டு போக நிற்பவள் போலக் கேட்டாள்.

“அப்ப எங்க வூட்டுக்காரருகிட்ட ஏன் பாவா அப்டி சொன்னீங்க?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். வலது கை மட்டும் என் பக்கம் நீண்டிருந்தது.

பிடித்தேன். துடைத்தேன். ஊசியைப் போட்டேன்.

இந்த மனுஷன் சாகக் கூடாது. நிர்மலா அக்கா பதிலுக்காக இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.