ரத்தம் வராத அடி

"இந்தப் பிசாசு கத்தியைத் தொடாது. நேரா மனசுல அடிக்கும்," என்று மிரட்டினார், ஆட்டத்தை நடத்தியவர். ஆபீஸ் முடிந்ததும் கூட வேலை செய்பவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனைச் சண்டைதான், பகடையில் பெரிய எண் விழுந்தால் தப்பலாம். "வீரனே, உன் மண்டைக்குள்ள என்ன கேக்குது?"

"'ரெண்டே நிமிஷம் பேசலாமா'ன்னு கேக்குது," என்றான் வீரனாக ஆடியவன்.

"என் தோளைத் தட்டி, 'சின்ன வேலைதான்'னு சொல்லுது," என்றாள் மந்திரவாதியாக ஆடியவள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடேயப்பா, இப்படியொரு கொடூரம் எனக்கே தோணலையே!" ஈவிரக்கமில்லாமல் ஆட்டத்தில் இருவருடைய உயிர்ப் புள்ளிகளையும் பாதியாகக் குறைத்தார்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். அவர் வீரனின் தோளைத் தட்டினார். "ரெண்டே நிமிஷம்ப்பா. திங்கட்கிழமை ரிப்போர்ட் ஒண்ணு... சின்ன வேலைதான்."

வீரன் பகடையை எடுத்து உருட்டினான். "தப்பிச்சேனா, சார்?"

இந்தத் தடவை அடி யார்மேல் விழுந்தது என்று பகடையைப் பார்க்காமலே மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது.