முளைத்தால் பெண்

எண்பத்து மூன்றா, எண்பத்து நான்கா என்று எனக்கு நிச்சயமில்லை. என் நண்பன் மலைச்சாமி தன் வழுக்கைத் தலையில் மெட்ராஸில் முடி நட்டுக்கொண்டு வந்தான். அது வயலில் நாற்று நட்டதுபோல் கொத்துக் கொத்தாக நின்றது. சமயநல்லூரில் பெண் பார்த்தபோது, "முடி ஒரு தினுசா இருக்கு" என்று பெண்ணின் அப்பா காளை தட்டிக் கழித்தார்.

அவனுக்கோ அந்தப் பெண்தான் வேண்டும். மறுபடி மெட்ராஸ் போனான். டாக்டர் இடைவெளிகளில் ஒற்றை ஒற்றையாக முடி வைத்துச் சரிசெய்தார். ஒரு வருடத்தில் தலை இயல்பாகிவிட்டது. அதே வீட்டுக்குப் போனோம்.

காளை வெகுநேரம் பார்த்தார். "போன தடவை கண்றாவியா இருந்தாலும் சொந்த முடி. இது டோப்பா."

"இழுத்துப் பாருங்க மாமா."

"இப்பல்லாம் நல்லா ஒட்டுறாங்கெ. அழகர்கோயில்ல மொட்டை போட்டுட்டு வாங்க மாப்ள. திரும்ப முளைச்சா பொண்ணத் தாரேன்."

மொட்டையைக் காட்டப் போனவனை, தங்கப்பொண்ணு கதவோரம் நின்று பார்த்தாள்.

"அப்பா, முளைக்கிறதுக்குள்ள தேதி வைங்க. இவருக்கு இதுதான் நல்லாருக்கு."

கல்யாணம் நடந்தது. காளை இப்போது இல்லை. தங்கப்பொண்ணு நலம். முடி நன்றாக முளைக்கிறது. மலைச்சாமி வாரந்தோறும் மழித்துக்கொள்கிறான்.