மூன்றாவது நிரல்

தரம் இரண்டு வகுப்பறையில் பத்து மேசைகள். ஒன்பது வெறுமையாகக் கிடக்கின்றன; பத்தாவதில் அபிசனா மட்டும் இருக்கிறாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் இப்போது வான் பிடித்துச் சாவகச்சேரிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறார்கள். சுவரில் பிரதீபா ரீச்சர் கீறிய நட்சத்திர அட்டை. அபிசனாவின் பெயருக்கு நேரே 'நேரத்துக்கு வருதல்', 'நகம் வெட்டுதல்' நிரல்கள் இரண்டிலும் ஒட்டிய நட்சத்திரங்கள் மினுங்குகின்றன. 'கூட்டாளிக்கு உதவுதல்' மட்டும் வெள்ளையாக இருக்கிறது. யன்னல் வெயில் அதில்தான் விழுகிறது. ரீச்சர் பலகையில் எழுதிய வெண்கட்டியை வேண்டுமென்றே நழுவவிடுகிறார். அது உருண்டோடும் சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. அபிசனா ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறாள். ரீச்சர் ஒரு நட்சத்திரத்தை உரித்து மூன்றாவது நிரலுக்குக் கொண்டுபோகிறார். "உது கூட்டாளிக்கு உதவினால்தானே, ரீச்சர்?" என்கிறாள் அபிசனா. "நான் உன்ரை கூட்டாளி இல்லையோ?" பிள்ளை கொஞ்சம் யோசிக்கிறாள். "நீங்கள் ரீச்சரெல்லோ." நட்சத்திரம் ரீச்சரின் விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.